துடுப்பு போடுறவங்களுக்கு போலரைஸ்டு கூலிங்கிளாஸ்: எத பாத்து வாங்கணும், எதுக்கு காச வேஸ்ட் பண்ணக்கூடாது

முதல்லயே சொல்லிடுறேன், நான் கண் டாக்டரும் இல்ல, ஆப்டிகல்ஸ் கடை வச்சிருக்கவனும் இல்ல. ஞாயித்துக்கிழமையானா கோவளத்துலயோ முட்டுக்காட்டுலயோ பேடில்போர்ட (மேல நின்னுட்டே துடுப்பு போடுற பலகை) தூக்கிட்டு எறங்குற ஆளு (சென்னை ஈசிஆர் கோவளம், கேரளாவுது இல்ல). இதுவரைக்கும் மூணு கூலிங்கிளாஸ தண்ணிக்கு தாரை வாத்திருக்கேன், ஒண்ண நானே பனியன்ல தொடச்சு தொடச்சு கெடுத்தேன், இன்னொண்ணு கார் டேஷ்போர்டுல வெந்து போச்சு. அந்த நஷ்டக்கணக்குலேர்ந்து எழுதுறதுதான் இது.

போலரைஸ்டு எதுக்குன்னு எனக்கு புரிஞ்சது ஒரு மார்ச் மாசம். முட்டுக்காடு காயல் உள்ள மேற்கால போயிட்டு காலைல திரும்பி பாலத்துப்பக்கம் வந்துட்டிருக்கேன், வெயில் நேரா மூஞ்சில, தண்ணி மொத்தமும் புது தகர ஷீட்ட விரிச்சுப் போட்ட மாதிரி தகதகன்னு இருக்கு, நல்ல கறுப்பா ஒரு கூலிங்கிளாஸ் வேற போட்டிருக்கேன், அப்படியும் முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல, டக்குனு போர்டுக்கு அடியில துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்கற ஃபின் எதுலயோ மாட்டி நின்னுச்சு, போர்டு நின்னுச்சு நான் நிக்கல. எழுந்து பாத்தா இடுப்பளவு தண்ணிதான், ஃபின்ல நைலான் வலை. கரையிலேர்ந்து வலைக்கார அண்ணன் கத்துறாரு, "குச்சி நட்டு வச்சிருக்கேனே தம்பி, கண்ணு தெரியலயா?" உண்மையாவே தெரியலண்ணே. அடுத்த வாரம் ஃப்ரெண்டோட போலரைஸ்டு கண்ணாடிய வாங்கிப் போட்டுட்டு அதே எடத்துக்கு போனேன், குச்சியும் தெரியுது, வலையோட மிதவையும் தெரியுது, பக்கத்துல சிப்பி ஒட்டின கல்லு ரெண்டு இருந்ததும் அப்பதான் தெரிஞ்சுது. அந்த கல்லு மேல விழாம வலையில விழுந்ததுக்கு சாமிக்கு ஒரு தேங்காய் பாக்கி.

ஏன் இப்படின்னா, சாதா கறுப்பு கண்ணாடி எல்லா வெளிச்சத்தையும் ஒரே மாதிரி குறைக்கும், கூசுற வெளிச்சமும் குறையும், பாக்க வேண்டிய வெளிச்சமும் குறையும், அதனால ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். தண்ணி மேல பட்டு தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் படுக்கை வாக்குல அதிரும், தண்ணிக்கு அடியிலேர்ந்து வர்ற வெளிச்சத்துக்கு அந்த மாதிரி கட்டுப்பாடு கெடையாது. போலரைஸ்டு கண்ணாடில இருக்கற ஃபில்ம் நிமிந்து அதிருறத மட்டும் விடும், படுத்து வர்றத நிறுத்திடும், ஜன்னல் கம்பிக்குள்ள பலகைய படுக்க வச்சு நுழைக்க முடியாதுல்ல, அந்த மாதிரி. பட்டு திரும்புற வெளிச்சத்துல இப்படி ஒரு சங்கதி இருக்குன்னு மாலுஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1808லயே கண்டுபிடிச்சாரு, அத மெலிசான ஃபில்மா செஞ்சு மலிவா கைக்கு கொண்டாந்தது அமெரிக்காவோட எட்வின் லேண்ட், 1929ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சாரு. போலராய்டு கேமரா கம்பெனி ஆளும் இவர்தான்.

இங்க கடைக்காரங்க சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. எல்லா கோணத்துலயும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. தண்ணிய சுமார் 37 டிகிரி கீழ்நோக்கி பாக்கும்போதுதான் கூசல் கிட்டத்தட்ட முழுசா காணாமப் போகும். பேடில்போர்டுல நின்னா நம்ம கண்ணு தண்ணிக்கு மேல ஒரு ஒன்றரை மீட்டருக்கு மேல இருக்கும், கணக்கு போட்டா அந்த எடம் நமக்கு ரெண்டு மீட்டர் முன்னாடி வருது, அதாவது போர்டு மூக்குக்கு பக்கத்துல. அதனாலதான் நின்னுட்டு போறவங்களுக்கு கீழ மணல், பாசி, மீன் எல்லாம் அக்வேரியம் மாதிரி தெரியுது. கயாக்ல (உக்காந்து துடுப்பு போடுற ஒல்லி படகு) உக்காந்தா கண்ணு தாழ்ந்து போயிடுது, அந்த நல்ல கோணம் ஒரு மீட்டருக்குள்ள, பாதி கயாக் மேலயே விழுந்துடும். தூரத்துல பாக்குற தண்ணில கூசல் குறையும், ஆனா போகாது. காசு குடுத்து வாங்கிட்டு "என்னடா இன்னும் கூசுது, டூப்ளிகேட்டா"ன்னு கேக்குற கயாக் ஆளுங்க நெறைய, டூப்ளிகேட் இல்லங்க, நீங்க உக்காந்திருக்கீங்க.

சூரியனும் அப்படித்தான். மார்ச் மாதிரி மாசத்துல சென்னைல காலைல எட்டே முக்கால் சுமாருக்கும் சாயங்காலம் மூணே முக்கால் சுமாருக்கும் வெயில் அந்த 37 டிகிரில நிக்கும், அப்ப போலரைஸ்டு போட்டா மேஜிக் மாதிரி இருக்கும். உச்சி வெயில்ல தண்ணிலேர்ந்து நேரா மேல அடிக்கிற பளிச்சுக்கு பெருசா எஃபெக்ட் தெரியாது, அதுக்கு கண்ணாடியோட கறுப்புதான் காப்பாத்தணும். விடிஞ்ச உடனே வர்ற வெயிலும் கஷ்டம்தான், நம்ம கடல் கிழக்கால இருக்கறதால காலைல எறங்குறவன் சூரியனுக்கு நேராதான் துடுப்பு போடணும், தண்ணி மேல நமக்காகவே ஒரு தங்க ரோடு போட்ட மாதிரி நேரா கண்ணுக்குள்ள வரும். அதுக்கு தொப்பிய எறக்கி விட்டுட்டு கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு போறதுதான் வழி. தொப்பின்னதும் ஞாபகம் வருது, அடிப்பக்கம் கறுப்பா இருக்கற தொப்பியா பாருங்க, வெள்ளையா இருந்தா தண்ணிலேர்ந்து வர்ற வெளிச்சம் அதுல பட்டு திரும்ப கண்ணாடிக்கு உள்பக்கம் வரும்.

இப்ப யூவி, அதாவது வெயில்ல வர்ற புற ஊதாக்கதிர். போலரைஸ்டுன்னா யூவி தடுக்கும்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, ரெண்டும் வேற வேற. யூவி400ன்னு போட்டிருக்கணும், இல்லன்னா 100 சதவீதம் யூவி ப்ரொடெக்‌ஷன்னு போட்டிருக்கணும். கறுப்பா இருந்து யூவி தடுக்காத கண்ணாடி, போடாம இருக்கறத விட மோசமா கூட போகலாம், ஏன்னா இருட்டுல கண்ணு பாப்பா விரியும், விரிஞ்ச வாசல்ல யூவி உள்ள போகும். மேலேர்ந்து மட்டும் வராது, காஞ்ச மணல் சுமார் 15 சதவீதம் யூவிய திருப்பி அடிக்கும், அலை நுரை சுமார் 25 சதவீதம், இது உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு. நம்ம கடலோர ஊர்கள்ல வயசான மீனவங்க கண்ண கவனிச்சிருக்கீங்களா, வெள்ளை முழில மூக்குப் பக்கத்துலேர்ந்து சதை வளந்து கருவிழி மேல ஏறியிருக்கும், டாக்டருங்க டெரிஜியம்னு சொல்லுவாங்க. வெயில், காத்து, தூசின்னு வருஷக்கணக்குல வாங்குனா வர்றது. வாரத்துக்கு ஒரு நாள் போற நமக்கு அந்தளவு பயம் வேணாம், ஆனா தினமும் க்ளாஸ் எடுக்குற சர்ஃப் பசங்க கண்டிப்பா யோசிக்கணும்.

அடுத்தது எவ்ளோ கறுப்பு. நல்ல கண்ணாடில காதுல மாட்டுற காம்புக்கு உள்பக்கம் கேட்டகரின்னு 0லேர்ந்து 4 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும். 3 தான் நமக்கு வேணும், 8லேர்ந்து 18 சதவீதம் வெளிச்சத்த உள்ள விடும். 2 போட்டா மேகமூட்டத்துக்கு சரி, ஏப்ரல் மே வெயில்ல பத்தாது. 4 போட்டா நடுக்கடலுக்கு சுகமாதான் இருக்கும், ஆனா அத போட்டுட்டு வண்டி ஓட்டக்கூடாது, நமக்கோ எல்லாம் முடிஞ்சு ஈசிஆர்ல தான் வீட்டுக்கு வரணும், மறந்துபோய் அதோடயே ஓட்டுவோம். வெயிலுக்கு தகுந்த மாதிரி தானா கறுக்குற ஃபோட்டோக்ரோமிக் கண்ணாடி இருக்கு, நல்லா வெக்கையா இருந்தா அது முழுசா கறுக்காது, குளிர் ஊர்ல தான் அதுக்கு மவுசு. நம்மூருக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

கலர்ல தான் நெறைய சண்டை. என் கட்சி ப்ரவுன், இல்லன்னா செம்பு கலர். காயல், கழிமுகம், பிச்சாவரம் வாய்க்கால், புலிக்காட் மாதிரி ஆழம் கம்மியான கலங்கல் தண்ணில மணல்மேடு எங்க தொடங்குது, பள்ளம் எங்க இருக்குன்னு ப்ரவுன்ல பிரிஞ்சு தெரியும், நீலத்த கொஞ்சம் வெட்டிடுறதால பாசிக்கும் மணலுக்கும் வித்தியாசம் தூக்கிக் காட்டும். க்ரே போட்டா கலர் எல்லாம் உள்ளது உள்ளபடி தெரியும், கண்ணுக்கு அலுப்பு கம்மி, அலை தாண்டி ஆழ்கடல் பக்கம் ரொம்ப நேரம் போறவங்களுக்கு அதுதான் சரி. மஞ்சள் வேணாம், விடியக்காலைல நல்லா இருக்கும், எட்டு மணிக்கு மேல போட முடியாது. மேல நீலமா பச்சையா மின்னுதே மிர்ரர் கோட்டிங், அது கண்ணாடியோட கலர் இல்ல, மேல பூசினது, இன்னும் கொஞ்சம் வெளிச்சத்த தடுக்கும், ஃபோட்டோவுக்கு சூப்பரா இருக்கும், ஆனா உப்புத்தண்ணில மட்டமான பூச்சு ஒரு சீசன்ல தோல் உரியும். மிர்ரர பாத்து மயங்காம கண்ணாடிய போட்டு உள்ளேர்ந்து என்ன கலர் தெரியுதுன்னு பாருங்க.

கண்ணாடி எதுல செஞ்சதுங்கறதுக்கு வருவோம். நிஜ கிளாஸ் தெளிவா இருக்கும், லேசுல கீறல் விழாது, ஆனா கனம், துடுப்பு மூஞ்சில அடிச்சா ஒடையலாம், தண்ணில விழுந்தா குண்டு கல்லு மாதிரி போகும். பாலிகார்பனேட்டுதான் நமக்கு, லேசு, அடி தாங்கும், சீக்கிரம் கீறும், அது ஒண்ணுதான் குறை. நைலான் கண்ணாடி இன்னும் தெளிவு, விலையும் அதுக்கேத்த மாதிரி. கம்மி விலைல வர்ற முக்கால்வாசி போலரைஸ்டு டிஏசின்னு ஒரு ரகம், மெல்லிசா பல அடுக்கு ஒட்டினது. அது மோசம்னு சொல்ல மாட்டேன், நான் ரெண்டு வருஷம் அதுதான் போட்டேன், ஆனா சூடும் உப்புத்தண்ணியும் அதுக்கு எதிரி. டேஷ்போர்டுல வெந்துச்சுன்னு சொன்னேனே, அதுதான், ஓரத்துலேர்ந்து அடுக்கு பிரிஞ்சு உள்ள சோப்பு முட்டை மாதிரி குமிழ், அப்புறம் பாத்தா எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது.

கடைல என்ன பண்ணணும்? ஒரு அஞ்சு நிமிஷம் வெக்கப்படாம நோண்டுங்க. பில் போடுற கம்ப்யூட்டர் மானிட்டர் பக்கம் போங்க, கண்ணாடிய கண்ணுக்கு முன்னாடி புடிச்சு மெதுவா சுத்துங்க, ஏதோ ஒரு கோணத்துல ஸ்க்ரீன் கறுப்பாகணும், ஆகலன்னா அது போலரைஸ்டு இல்ல, முடிஞ்சுது. செல்ஃபோன்லயும் பாக்கலாம், ஆனா சில ஃபோன்ல முழுசா கறுக்காது, மானிட்டர்தான் நம்பிக்கை. இதுல இன்னொரு நுணுக்கம், இடது வலது ரெண்டு பக்க கண்ணாடியும் ஒரே கோணத்துல ஒண்ணா கறுக்கணும். ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி கறுத்தா ஃபில்ம கோணலா ஒட்டியிருக்கான்னு அர்த்தம், அத போட்டு தண்ணிய பாத்தா ஒரு கண்ணுக்கு மின்னும் ஒரு கண்ணுக்கு மின்னாது, அர மணி நேரத்துல தலைவலி வரும். ரோட்டோரத்துல வாங்கின ஒண்ணுல எனக்கு இதேதான் ஆச்சு, வெயில்ல சுத்துனதால தலைவலின்னு ஒரு மாசம் நெனச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் கைய நீட்டி கண்ணாடிய தூரத்துல புடிச்சு, கதவு நிலைய அது வழியா பாத்துட்டு கண்ணாடிய மேலயும் கீழயும் ஆட்டுங்க. நிலை நேரா நின்னா சரி, பாம்பு மாதிரி நெளிஞ்சா வச்சிடுங்க. வெளிய வந்து நிக்கிற கார் கண்ணாடியயும் பானட்டயும் பாருங்க, தலைய சாய்க்க சாய்க்க மினுமினுப்பு வந்து வந்து போகணும்.

யூவிக்கு, ஆப்டிகல்ஸ் கடைல மீட்டர் இருக்கும், கேட்டா வச்சு காட்டுவாங்க, காசு கேக்க மாட்டாங்க. இல்லன்னா வீட்ல ஒரு வேலை செய்யலாம், 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒண்ண வாங்கி, இருட்டு ரூம்ல ஐநூறு ரூபா நோட்டு நம்பர் மேல அடிச்சா பளிச்சுனு ஒளிரும், நடுவுல கண்ணாடிய வச்சா அந்த ஒளி அணையணும். இது மேலோட்டமான டெஸ்ட்தான், சர்டிஃபிகேட் இல்ல, ஆனா அப்பட்டமான டுபாக்கூர் இதுல மாட்டிக்கும்.

கைல ஸ்மார்ட்வாட்ச் கட்டுறவங்க, ஃபோன மேப்புக்கு போர்டுல கட்டிட்டு போறவங்க, அத எடுத்து கண்ணாடி வழியா நேராவும் படுக்கவும் வச்சு பாருங்க. சிலது நாம பாக்குற கோணத்துலயே கறுத்துடும். தண்ணில போய் தெரிஞ்சுக்குறத விட கடையிலயே தெரிஞ்சுக்கலாம்.

ஃப்ரேம்: கன்னத்தோட வளைஞ்சு ஒட்டுற மாதிரி இருக்கணும். தண்ணிலேர்ந்து வர்ற வெளிச்சம் கீழேர்ந்தும் பக்கத்துலேர்ந்தும் வரும், தட்டையான ஏவியேட்டர் போட்டா ஓரத்துல நுழைஞ்சு, முதுகுக்கு பின்னாடி வெயில் இருந்தா கண்ணாடி உள்பக்கத்துல நம்ம கண்ணே நமக்கு தெரியும். உள்பக்கம் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் இருந்தா இது குறையும். ஆனா ரொம்ப ஒட்டினா நம்ம ஊர் புழுக்கத்துல ஆவி புடிக்கும், புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து போற மாதிரி ஒரு நூல் இடைவெளி வேணும். மூக்குலயும் காம்புலயும் ரப்பர் இருக்கணும், மெட்டல் வேண்டவே வேணாம், ஸ்க்ரூ ஆறே மாசத்துல துருப்புடிச்சு காம்பு மடங்காது. போட்டுட்டு குனிஞ்சு தலைய வேகமா ஆட்டுங்க, கடைல நாலு பேர் பாப்பாங்க, பாக்கட்டும், அங்க விழுந்தா தரையிலதான் விழும்.

இப்ப முக்கியமான எடம். எந்த கண்ணாடியும் தண்ணில மூழ்கும், பாலிகார்பனேட் தண்ணிய விட கனம். மிதக்கும்னு சொல்லி விக்கிற ஃப்ரேம் இருக்கு, டெக்கத்லான் மாதிரி கடைல பாய்மரப்படகு செக்‌ஷன்ல தேடிப்பாருங்க, வாங்கினதும் வீட்ல பக்கெட் தண்ணில போட்டு பாத்துக்குங்க, நல்ல தண்ணில மிதந்தா கடல்ல கட்டாயம் மிதக்கும். பவர் போட்ட கண்ணாடிய மாட்டுனா மிதக்குற ஃப்ரேமும் மூழ்கலாம். மிதந்தாலும் அலைல கறுப்பு ஃப்ரேம தேடி புடிக்கிறது சாமான்யம் இல்ல, என் மூணாவது கண்ணாடி மிதக்குற வகைதான், மிதந்துகிட்டே எங்கயோ போயிடுச்சு. அதனால பின்னாடி கட்டுற நியோப்ரீன் (மெத்துனு ரப்பர் மாதிரி) ஸ்ட்ராப், மஞ்சளோ ஆரஞ்சோ, உள்ள ஃபோம் வச்சது, கண்டிப்பா வேணும். அத இறுக்கி கட்டணும், கழுத்துல மாலை மாதிரி தொங்க விட்டா அலை அடிச்சா தலை வழியா கழண்டு போகும். சர்ஃப்ல போறவங்க ஸ்ட்ராப் இருந்தாலும் விலை கூடினத போட்டுட்டு போகாதீங்க, கோஸ்டாவோ ஓக்லியோ இருந்தா காயலோட நிறுத்திக்குங்க. தண்ணில தொலைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வர்ற விலைல வாங்குங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது.

பவர் கண்ணாடி போடுறவங்க நெறைய பேர் கேக்குறாங்க. பவர் கம்மின்னா போலரைஸ்டுலயே பவர் போட்டு வாங்கிடலாம், பவர் அதிகம்னா ரொம்ப வளைஞ்ச ஃப்ரேம்ல ஓரம் நெளியும், கொஞ்சம் தட்டையான ஃப்ரேம்தான் செட் ஆகும். கண்ணாடி மேலயே மாட்டுற பெரிய சைஸ் போலரைஸ்டு இருக்கு, பாக்க வெல்டிங் பட்டறை மாதிரி இருந்தாலும் வேலை செய்யும். க்ளிப் ஆன் வேணாம், முதல் அலைக்கே போயிடும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டு மேல கூலிங்கிளாஸ் போடுறாங்க, காயல் தண்ணி கண்ணுல பட்டா லென்ஸுக்கு அடியில கிருமி தங்கி அகாந்தமீபான்னு ஒரு பொல்லாத இன்ஃபெக்‌ஷன் வரலாம், கண் டாக்டருங்க லென்ஸோட தண்ணில எறங்கவே வேணாம்னுதான் சொல்றாங்க.

வாங்கினத காப்பாத்துறது எப்படின்னா, கண்ணாடில தண்ணி தெறிச்சா தொடைக்காதீங்க. டீஷர்ட், லுங்கி, துண்டு எதுவும் வேணாம், காஞ்ச உப்பும் மணலும் உப்புத்தாள் மாதிரி, தொடச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு கீறல். பக்கத்துல இருக்கற தண்ணிலயே முக்கி ஒரு உதறு உதறிட்டு போடுங்க, இல்லன்னா குடிக்கிற தண்ணி பாட்டில்லேர்ந்து ரெண்டு மூடி ஊத்துங்க. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணில அலசி, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட விரல்ல தடவி கழுவி (பாத்திரம் தேய்க்கிற தூளோ கட்டியோ வேணாம், லிக்விட் மட்டும்), தண்ணி ஒழுகட்டும்னு நிழல்ல வச்சுட்டு அப்புறம் மெத்து துணில ஒத்தி எடுங்க. சன்ஸ்க்ரீன் கைய கண்ணாடில வச்சா எண்ணெய் படலம் நிக்கும், வெயில்ல பாத்தா மழைக்காலத்து பஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால சன்ஸ்க்ரீன் தடவி கைய கழுவிட்டு கண்ணாடிய எடுங்க. ஸ்ட்ராப்பயும் கழட்டி தனியா அலசணும், காம்பு நுழையிற ஓட்டைக்குள்ளதான் உப்பு ஒளிஞ்சிருக்கும். ஈரத்தோட டப்பால போட்டு மூடாதீங்க, அந்த டப்பாவ டேஷ்போர்டுலயும் வைக்காதீங்க, சீட்டுக்கு அடியில தள்ளி விடுங்க.